முனியாண்டிக்கு நேர்ந்துகொண்ட தண்டால்

செமிலிங்,
9.3.2025

அன்புள்ள அக்கா யோகேஸ்வரிக்குத் தம்பி காளிதாசன் எழுதுவது. நான், ரமணி, மகள் ஷாமளா மூவரும் இங்கே சுகம். லங்காவியில் உன் உடம்பு எப்படி? முழங்கால் வலி தேவலையா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் எதற்குத் தபால்தலை ஒட்டுகிறான் என்று நினைப்பாய். போன வருஷம் என் மூலவியாதியைப் பற்றி உனக்கு மட்டும் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நீ கை தவறிக் குடும்பக் குரூப்பில் போட்டாயே, மறந்துவிட்டாயா? அறுபத்துமூன்று பேர் கேட்டார்கள். அலோர்ஸ்டார் சித்தப்பா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை, "உக்கார முடியுதாப்பா?" என்றுதான் கேட்கிறார். அதனால் இனிமேல் மானம் சம்பந்தப்பட்டதெல்லாம் கடிதத்தில்தான்.

விஷயம் இதுதான். தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகத் துணைப் போலீஸ் யூனிபார்ம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது புது மேலதிகாரி வந்து, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உடற்தகுதிச் சோதனை என்று ஆரம்பித்துவிட்டார். ஓட்டத்தில் தப்பித்தேன். தண்டாலில் மாட்டிக்கொண்டேன். ஒரு நிமிஷத்தில் இருபத்தைந்து எடுக்க வேண்டும். நெஞ்சுக்குக் கீழே ஒரு ஸ்பாஞ்சு வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் சார்ஜன் அமிருல் "தாக் கீரா!" என்று கத்துவார், அது கணக்கில் சேராது. நான் பதினாலோடு அந்த ஸ்பாஞ்சின் மேலேயே படுத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு வாய்ப்பு, மே மாதம் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. அதிலும் தோற்றால் யூனிபார்மைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தெற்குக் கோடி ஜொகூரில் இருக்கும் கம்பெனிக் கிடங்குக்கு வாட்ச்மேனாக அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போக வேண்டும்.

பயப்படாதே. எஸ்டேட் முனியாண்டி சாமிக்கு நேர்ந்துகொண்டுவிட்டேன். வருகிற பதினெட்டாம் தேதி செவ்வாயிலிருந்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தினமும் கோவில் வாசலில் கை ஓய்கிறவரை தண்டால். ஒரு நாளும் தவறக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சைவம். சாமி பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
உன் தம்பி காளி

---

குவா, லங்காவி,
17.3.2025

தம்பி காளிக்கு, அக்கா நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் நலமாக இருங்கள்.

உன் கடிதத்தை ஹோட்டல் லாண்டரியில் படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் வேலை செய்யும் ஐனா, "ஏன் அக்கா தலையில அடிச்சிக்கிறீங்க?" என்று மலாயில் கேட்டாள். என்னவென்று சொல்வேன்?

அட மடையா, கைக்குப் பலம் வேண்டிய நேரத்தில் எவனாவது மீனையும் முட்டையையும் விடுவானா? முனியாண்டி சாமியே சுருட்டும் சேவலும் கேட்கிற சாமி. அதன் வாசலில் போய்க் கீரைக்குழம்பு சாப்பிட்டேன் என்று சொன்னால் அதுவே சிரிக்கும்.

ஆனாலும் நேர்ந்தது நேர்ந்தாயிற்று. கஞ்சியில் பச்சைப்பயறு போட்டுக் குடி. எத்தனை எடுக்கிறாய் என்று எழுது.

ஜொகூருக்கு இங்கிருந்து பஸ்ஸில் எத்தனை மணி நேரம்? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன் அக்கா

---

செமிலிங்,
3.4.2025

அண்ணிக்கு ரமணி எழுதுவது. நீங்கள் சுகந்தானே? நாங்கள் சுகம் என்று எழுதத்தான் ஆசை, எழுத முடியவில்லை. ஹரி ராயா பெருநாள் லீவு முடிந்து இன்றுதான் தபால் நிலையம் திறந்தது, முதல் வேலையாக இதைப் போடுகிறேன். உங்கள் தம்பிக்குத் தெரியாது.

இன்றோடு பதினேழு நாள். பதினாலில் ஆரம்பித்த மனுஷன் பதினாலிலேயே நிற்கிறார். நேற்றுப் பன்னிரண்டு. தினமும் விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, கோவில் வாசலில் விழுந்து விழுந்து எழுகிறார். கடைசியில் விழுகிறார், எழுவதில்லை. நானும் பூசாரியும்தான் தூக்கிவிடுகிறோம். வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. தலை சீவிவிடுகிறேன், யூனிபார்ம் பட்டனும் நான்தான் போடுகிறேன். பதினெட்டு வயது மகள் வீட்டில் இருக்கிறாள் அண்ணி, இது பார்க்க நன்றாகவா இருக்கிறது?

"ஒரு நாள் விட்டுட்டுச் செய்யுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "லீவு கேக்க இது என்ன பேக்டரியா? முனியாண்டிகிட்ட டாக்டர் குடுத்த எம்.சி. நீட்ட முடியுமா? சாமி கண்ணக் குத்திடும்லா" என்கிறார். சாமி கண்ணைக் குத்துகிறதோ இல்லையோ, இவர் தோள்பட்டை கழன்று கையில் வந்துவிடும்.

ஜொகூர் என்ற பேச்சை எடுத்தாலே ஷாமளா அழுகிறாள். நானும் அழுகிறேன், ஆனால் குளியலறையில்.

இந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது. உங்கள் பேச்சைத்தான் கேட்பார். ஏதாவது செய்யுங்கள்.

ரமணி

---

குவா,
8.4.2025

காளிக்கு, அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமில்லை என்று தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

நான் இங்குள்ள கோவில் பூசாரி சசிதரனிடம் விசாரித்துவிட்டேன். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவர் நேர்த்தியை இன்னொருவர் ஏற்கலாமாம். சாஸ்திரத்தில் இடம் இருக்கிறதாம். இந்தக் கடிதம் உனக்குப் பதினோராம் தேதி கிடைக்கும் என்று வைத்துக்கொள். அன்றோடு நீ செய்தது இருபத்தைந்து நாள். மீதி இருபத்துமூன்று நாளை நான் ஏற்கிறேன். சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிச் சொல்லியாகிவிட்டது. பன்னிரண்டாம் தேதியிலிருந்து அந்த நேர்த்தி என்னுடையது. இனி நீ அதைச் செய்தால்தான் குற்றம். ஒரே நேர்த்தியை இரண்டு பேர் செய்தால் சாமி குழம்பிப்போகும்.

ஒரு வாரம் தரையில் கை ஊன்றாதே. தஞ்சோங் டாவாய் போய் நல்ல மீனாக வாங்கு. முட்டை தின்னு. தூங்கு. இங்கே துணி துவைக்கிற இரும்பு மெஷினுக்கே வெள்ளிக்கிழமை ஓய்வு கொடுக்கிறோம், நீ என்ன அதைவிட உசத்தியா?

ரமணியைத் திட்டாதே. அவள் எதுவும் சொல்லவில்லை.

அக்கா

---

செமிலிங்,
20.4.2025

என் தெய்வமான அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். வீட்டில் எல்லோரும் பரம சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உட்கார்ந்துகொள். பதினேழு!

நீ சொன்னபடி ஒரு வாரம் முழுக்கச் சும்மா கிடந்தேன். முதல் இரண்டு நாள் கோவில் பக்கம் போகவே பயமாக இருந்தது, வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன். ரமணி கெம்போங் மீனைப் பொரித்து வைத்தாள், ஒரே மூச்சில் ஆறு மீன் தின்றேன். தோள்வலி மெல்ல இறங்கியது. நேற்றுக் காலை பயந்து பயந்து கையை ஊன்றினேன். பதினாலு தானாகப் போயிற்று. பதினைந்து, பதினாறு, பதினேழு. எழுந்து நின்று சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். "அப்பா, ப்ளீஸ்லா" என்று ஷாமளா கதவைச் சாத்திக்கொண்டாள்.

சும்மா இருந்தால் பலம் கூடும் என்பது எந்த ஊர் நியாயம்? முனியாண்டியின் அருள்தான். நீ எடுத்துக்கொண்ட நேர்த்தியில் அது மனம் குளிர்ந்துவிட்டது. என்ன செய்கிறாய் அக்கா? விளக்கா, எலுமிச்சம்பழ மாலையா? எதுவானாலும் ஒரு நாளும் விட்டுவிடாதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் கையெழுத்து ஏன் இப்படி? நேற்று ஷாமளாவுக்கு வந்த உன் புத்தாண்டு வாழ்த்தின் உறையில் விலாசம் கோழி கிளறிய மாதிரி இருந்தது. கண்ணைப் பரிசோதித்துக்கொள்.

தம்பி காளி

---

குவா,
4.5.2025

காளிக்கு, அக்கா நலம். கண் நன்றாகத்தான் தெரிகிறது. துணி மூட்டை அதிகம், கை கொஞ்சம் நடுங்குகிறது, அவ்வளவுதான்.

இன்றோடு நாற்பத்தெட்டு நாள். நேர்த்தி முடிந்தது. விளக்கா மாலையா என்று கேட்காதே, அது எனக்கும் சாமிக்கும் உள்ளது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விழுகிறவரை செய்யாதே. பதினேழு முடியும் என்றால் எட்டோடு எழுந்துவிடு. இன்னும் முடியும் என்று கை கெஞ்சும்போதே விட்டுவிட வேண்டும். அந்த எட்டைக் காலையில் ஒரு தடவை, வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை செய். அடுத்த நாள் ஓய்வு. இறங்கும்போது மனதுக்குள் நாலு எண்ணி இறங்கு. தொப்பென்று விழுகிறதில் பலம் வராது. முழங்கையைச் சேவல் இறக்கை மாதிரி விரிக்காதே, தோளில் பிடித்துக்கொள்ளும், இரண்டு நாள் பக்கெட்டைக்கூடத் தூக்க முடியாது.

களைத்துப்போனால் தரையை விட்டுவிட்டு மேசையில் கை வைத்துச் செய். சுவரில் செய்தால் மூன்றாம் நாளே சலித்துவிடும். துணி மடிக்கிற மேசை உயரம்தான் சரி, நெஞ்சில் நன்றாகப் பிடிக்கும். அதற்கடுத்துப் படிக்கட்டு. இதெல்லாம் கேள்விப்பட்டதுதான்.

மாற்றல் பற்றி ஏதாவது பேசினார்களா? அங்கே போனால் வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு தருவார்கள்?

அக்கா

---

செமிலிங்,
25.5.2025

அக்காவுக்குக் காளியின் வணக்கம். எல்லோரும் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை முடிந்தது. இருபது! பாஸ் இல்லைதான். ஆனால் பதினாலில் படுத்தவன் இருபதில் படுத்தேன். சார்ஜன் அமிருலே, "போலே தஹான் காளி", பரவாயில்லையே என்று முதுகில் தட்டினார். இனி ஆகஸ்டு ஒன்றுதான் பாக்கி.

நீ எழுதியதை அப்படியே செய்தேன். ரமணியின் சமையல் மேசையின் ஒரு கால் உடைந்தது, அதைப் பிறகு பேசிக்கொள்வோம். உனக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்? யூடியூபில் பார்த்தாய், அப்படித்தானே? பார்க்கிறது சுலபம் அக்கா, செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். மேசையோரமாக நின்று துணி மடிக்கிற உனக்கு அந்த வேதனை புரியாது.

எங்கள் படையில் காஞ்சனா என்று ஒரு பெண் இருக்கிறாள். பெண்களுக்குப் பத்துத்தான், அதுவும் முட்டியை ஊன்றிச் செய்யலாம். அதற்கே மூச்சு வாங்குகிறது. நான் அவளிடம் சொன்னேன், "வருத்தப்படாதம்மா, பொம்பளைங்களுக்குத் தண்டால் வராது, கடவுள் படைச்சதே அப்படி." சரியாகத்தானே சொன்னேன்?

உடனே பதில் போடு. இருபதிலிருந்து எப்படி ஏறுவது என்று விவரமாக எழுது.

தம்பி காளி

---

செமிலிங்,
29.6.2025

அக்கா, சுகமா? ஐந்து வாரமாகத் தபால்காரரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர் என்னைக் கண்டால் மோட்டாரை வேகமாக ஓட்டுகிறார். உடம்பு சரியில்லையா? போன் போட்டால், "பெல்லு போவுது, எடுக்கல" என்கிறாள் ரமணி. குரூப்பில் மட்டும் எல்லோருக்கும் காலை வணக்கப் பூ அனுப்புகிறாய். எனக்கு ஒரு வரி இல்லை.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. ரமணியிடம் போன கடிதத்தில் எழுதியதை ஒன்று விடாமல் சொன்னேன். காஞ்சனா கதையைக் கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். "நெனச்சதுதான் நெனச்சீங்க, அத ஒரு பொம்பளைக்கே எழுதிப் போட்டீங்களா?" என்றாள். அதனால் கோபமா? உன்னை நான் பொம்பளை என்றா நினைத்தேன், அக்கா என்றுதானே நினைத்தேன். மன்னித்துவிடு.

இருபத்தொன்றில் நிற்கிறேன். மூன்று வாரமாக அதே இருபத்தொன்று. பசை போட்டு ஒட்டிய மாதிரி. அலுவலகத்தில் என் பெயர் போட்டு மாற்றல் கடிதம் டைப் அடித்து வைத்துவிட்டார்கள், தேதி மட்டும் காலி. நான் கண்ணால் பார்த்தேன். ரமணி அலமாரி மேல் இருந்த பெரிய பெட்டிகளை இறக்கித் துடைத்துவிட்டு, சும்மா தூசி தட்டினேன் என்கிறாள்.

உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? எழுது.

காளி

---

குவா,
7.7.2025

காளிக்கு, நலம்.

கடவுள் படைப்பைப் பற்றி நீ எழுதியிருந்தாய். படித்தேன். பத்திரமாக எடுத்தும் வைத்திருக்கிறேன்.

இருபத்தொன்றுக்கு மேல் போகாததற்குக் காரணம் கை இல்லை. இருபதைத் தாண்டும்போது முதலில் விட்டுக்கொடுப்பது வயிறு. நடு உடம்பு தொங்கிப்போகும். அப்புறம் அந்தப் பாரத்தையும் சேர்த்துக் கைதான் தூக்க வேண்டும், அதுதான் படுத்துவிடுகிறது. ஆகவே முதல் ஒன்றிலிருந்தே வயிற்றை உள்ளே இழுத்துப் பிடி. பின்பக்கத்தையும், எழுதக் கூச்சமாக இருக்கிறது, இறுக்கிக்கொள். தலையிலிருந்து குதிகால் வரை பலகை மாதிரி இருக்க வேண்டும். மூச்சை அடக்காதே, எழும்பும்போது வாயால் ஊது. தினமும் தண்டால் நிலையிலேயே அசையாமல் ஒரு நிமிஷம் நின்று பழகு. முதல் நாள் உடம்பு கிடுகிடுவென்று ஆடும், கண்ணில் தண்ணீர் வரும். பத்தாம் நாள் பழகிவிடும்.

எடையும் நாலு கிலோ குறை. மீன் தின்னச் சொன்னேன், ஆறு மீன் தின்னச் சொல்லவில்லை.

அந்தப் பெண் காஞ்சனாவுக்கும் இதைச் சொல்லிக்கொடு. மேசையில் ஆரம்பிக்கச் சொல். முட்டி ஊன்ற வேண்டாம்.

அக்கா

---

செமிலிங்,
24.8.2025

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி, துணைப் போலீஸ் காளிதாசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகத்திலும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல். ஆனால் முதலில் என் கதையைக் கேள்.

வியாழக்கிழமை காலை. திடல் ஓரத்தில் மேலதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் பைல். அந்தப் பைலுக்குள் என்ன கடிதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சார்ஜன் அமிருல் விசில் ஊதினார்.

பத்து வரை பாடிக்கொண்டே போனேன். பதினாறில் வியர்வை கண்ணில் இறங்கியது. பத்தொன்பதில் வயிறு தொங்கப் பார்த்தது, "இறுக்குடா" என்று உன் குரல் காதில் விழுந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். நீ எழுதக் கூச்சப்பட்டதையும் சேர்த்து இறுக்கினேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு. அடுத்ததற்கு, "தாக் கீரா!" ஸ்பாஞ்சைத் தொடவில்லையாம். அட பாவி, என் உயிரே அதில் போயிற்று, அது கணக்கில் இல்லையாம். மறுபடி இறங்கினேன். இருபத்துமூன்று. இருபத்துநாலு.

கை ஆடுகிறது. சார்ஜன் கடிகாரத்தைப் பார்த்து, "அம்பாட் சாட் லாகி! சத்து லாகி, காளி!" என்று கத்துகிறார். நாலு வினாடி, ஒன்றே ஒன்று. வரிசையிலிருந்து காஞ்சனா, "அண்ணே, ஊதுங்கண்ணே!" என்று அலறினாள். ஊதினேன் அக்கா. எங்கிருந்து வந்ததோ தெரியாது, உடம்பு மேலே போய்விட்டது. இருபத்தைந்து! "டுவா புலு லீமா!" என்று சார்ஜன் துள்ளினார். நான் புல்லில் குப்புறக் கிடந்து அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

மேலதிகாரி அந்தக் கடிதத்தை என் கண் முன்னால் கிழித்துப் போட்டார். நாங்கள் எங்கும் போகவில்லை. ரமணி பெட்டிகளை அலமாரி மேல் ஏற்றிவிட்டாள்.

காஞ்சனாவுக்கு நீ சொன்னபடி மேசையில் ஆரம்பித்துக் கொடுத்தேன். அன்றைக்கு முட்டி ஊன்றாமலே பன்னிரண்டு எடுத்தாள். கடவுள் படைப்பைப் பற்றி இனி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இருபதுக்கு மேல் போனால் வயிறு முதலில் விழும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? சேவல் இறக்கை மாதிரி விரித்தால் பக்கெட் தூக்க முடியாது, பத்தாம் நாள் ஆட்டம் நிற்கும், இதெல்லாம் யூடியூபில் இல்லை. ஷாமளாவை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொல்.

உன் தம்பி காளி

---

குவா,
1.9.2025

என் தங்கத் தம்பிக்கு, அக்காவின் ஆசீர்வாதம். கடிதத்தைப் படித்துவிட்டு ஐனாவைக் கட்டிக்கொண்டு ஆடினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் ஆடினாள்.

உண்மையைச் சொல்கிறேன். திட்டாதே.

பூசாரி சசிதரனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. சாஸ்திரம் நானாகச் சொன்னது. ஆனால் சாமி முன்னால் சூடம் ஏற்றிச் சொன்னது நிஜம். சொல்லிவிட்டு, ஒரு விளக்குப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. நீ நேர்ந்தது தண்டால். அதற்குப் பதில் விளக்கைக் காட்டினால் முனியாண்டி ஒப்புக்கொள்ளுமா? அது கணக்குக் கேட்டு உன் கையை முடக்கிவிட்டால்? பயம் வந்துவிட்டது. அதனால் நானே தண்டால் எடுத்தேன்.

சிரிக்காதே. முதல் நாள் லாண்டரிச் சுவரில் கை வைத்துப் பதினாலு. உன் பதினாலு. அப்புறம் துணி மடிக்கிற மேசை, பின்வாசல் படிக்கட்டு, கடைசியில் தரை. தரையில் முதல் தடவை இறங்கினேன், ஏறவில்லை. ஐனா வந்து தூக்கினாள். உனக்கு எழுதியதெல்லாம் என் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டது. பக்கெட் தூக்க முடியாமல் இரண்டு நாள் தவித்தது நான்தான்.

மே நாலாம் தேதி நேர்த்தி முடிந்தது. விட்டுவிடலாம் என்று பார்த்தேன், விட முடியவில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு காரியம் நாளுக்கு நாள் எனக்குக் கூடிக்கொண்டே வந்தது காளி. வேறு எதுவும் அப்படிக் கூடவில்லை.

உன் கடவுள் படைப்புக் கடிதம் வந்தபோது கோபம்தான். ஆனால் பதில் போடாததற்கு அது மட்டும் காரணமில்லை. நீ இருபதில் இருந்தாய். அந்த வாரம் நான் இருபத்திரண்டு எடுத்துவிட்டேன். தம்பியை முந்திக்கொண்டு போய்விட்டு, அவனுக்கு எந்த முகத்தோடு புத்தி சொல்வது? உனக்குத் தெரிந்தால் மனம் விட்டுவிடுவாயோ என்று பயந்தேன். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். இப்போது எனக்கு இருபத்தெட்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு எழுதியாயிற்று. இரண்டு கடிதத்தில் ஜொகூர் எவ்வளவு தூரம், எத்தனை நாள் லீவு என்று கேட்டேனே. என் வீட்டுக்காரர் போனபிறகு எனக்கு வேறு யார்? தீபாவளி, பொங்கல் என்றால் ஃபெர்ரி ஏறி கோலா கெடாவில் இறங்கி உன் வீட்டுக்குத்தான் வருகிறேன். அதுதான் என் பொறந்த வீடு. நீ ஜொகூர் போய்விட்டால் எனக்கு அந்த வீடு இல்லை. இதை எழுதினால் உன் பாரத்தில் என் பாரத்தையும் ஏற்றுவதாகும் என்று எழுதவில்லை. அதையும் சேர்த்துத்தான் தினமும் தூக்கினேன்.

கோபப்படாமல் பதில் போடு.

அக்கா யோகேஸ்வரி

---

செமிலிங்,
7.9.2025

அக்காவுக்குக் காளி எழுதுவது. இங்கே ரமணியும் ஷாமளாவும் நலம். நான் எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். இருபத்தெட்டு என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கூடத்திலேயே தரையில் இறங்கினேன். இருபத்தொன்பது எடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று. இருபத்துமூன்றில் மூக்கு தரையில் இடித்தது. "என்னங்க ஆச்சு?" என்று ரமணி ஓடிவந்தாள். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள். போய்ப் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள்.

நான் மட்டும் என்ன, கல்லா? நான் தோற்றால் உனக்கு எது போகும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என் யூனிபார்ம், என் மானம், என் தோள்வலி என்றே பக்கம் பக்கமாக எழுதினேன். நீ பஸ்ஸுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டாய், நான் பதில்கூடப் போடவில்லை. பன்னிரண்டு மணி நேரம் அக்கா. இனி அது தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

முனியாண்டிக்கு நேர்த்தியை முடித்துக் கும்பிட வேண்டும். பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். இருபத்தைந்து நாள் செய்தவனும் வேண்டும், இருபத்துமூன்று நாள் செய்தவளும் வேண்டும், ஒருவர் மட்டும் வந்தால் பூசை செல்லாது என்கிறார். சாஸ்திரத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல, நான்தான் சொல்றேன்" என்றார். நல்ல மனுஷன்.

ஆகவே தீபாவளி வரை காத்திருக்காதே, லீவு போட்டு இந்த மாதமே வா. கோலா கெடா படகுத்துறையில் வந்து நிற்கிறேன். எப்போதும் இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு வருவாய், இந்தத் தடவை ஒன்றும் வேண்டாம். பொறந்த வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு வா. போகும்போது கை நிறையக் கொடுத்து அனுப்புவது எங்கள் வேலை. உன் அறைக்கு ரமணி புது விரிப்புப் போட்டுவிட்டாள். இனி அது உன் அறைதான், விருந்தாளி அறை இல்லை.

இப்படிக்கு,
இருபத்தைந்தே எடுத்த உன் தம்பி
காளிதாசன்